கை படாமல் கழுவப்படும்

வாகனம் கழுவித் துடைத்து முடிந்ததும் அக்கா குடையை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, வலது உள்ளங்கையை அதன் கூரையில் வைப்பார். தட்டமாட்டார், தடவமாட்டார். காய்ச்சல் பார்க்கிற மாதிரிக் கொஞ்ச நேரம் வைத்திருப்பார். பிறகு சொந்தக்காரரைப் பார்த்து, "நான் பொறுப்பு" என்பார். சிங்கள ஆளாக இருந்தால், "மம வககியன்னம்" என்பார். இரண்டும் ஒன்றுதான். அதைச் சொன்ன பிறகுதான் எந்த வாகனமும் எங்கள் கேட்டைத் தாண்டும்.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்குகிற ஒழுங்கைகளில் ஒன்றில் அந்த இடம் இருந்தது. ஒரு தகரக் கொட்டில், ஒரு கிணறு, ஒரு மோட்டர், தண்ணீர் பீச்சுகிற குழாய். குழாய் அந்தோணி அண்ணனின் கையில் இருக்கும். அவர் முகத்துவாரத்து ஆள், வாய் ஓயாது. துடைக்கிற துணி என் கையில். நான் கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டின் பின்னறையில் மகளோடு வாடகைக்கு இருந்தேன். காலையில் பஸ் பிடித்து வருவேன். வேறு ஆட்களும் வருவார்கள், போவார்கள். நிலையாக இருந்தது நாங்கள் மூன்று பேர்தான்.

அக்காவின் பெயரை நான் எழுதவில்லை. போர்டு எழுத வந்தவன் அவருடைய பெயரைக் கேட்டபோது, "பேர் என்னத்துக்கு? செய்யிற வேலையை எழுதும்" என்று சொன்னவர் அவர். அதைக் கேட்டுக்கொண்டு நின்ற நான் இங்கே எழுதினால் சரியாக இருக்காது.

யாழ்ப்பாணத்துக்காரர். அப்போதே தலை முழுக்க நரைத்துவிட்டது. சீலையை முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் தூக்கிச் செருகியிருப்பார். கையில் ஆம்பிளைகள் கட்டுகிற பெரிய மணிக்கூடு. அது ஓடாது. ஓடாத மணிக்கூட்டை எதற்குக் கட்டியிருக்கிறார் என்று நான் கேட்டதில்லை. எனக்கு யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கம் இல்லை. அஞ்சாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி வேலைக்குப் போனவள் நான். அங்கிருந்து இங்கே வரைக்கும், சொன்னதைச் செய்துவிட்டு ஓரமாக நிற்பதே எனக்கு வசதியாக இருந்தது.

ஒரு நாள், கழுவிய காரின் கதவில் கீறல் இருக்கிறது என்று ஒருவர் சத்தம் போட்டார். அந்தோணி அண்ணன் குனிந்து பார்த்தார். கீறலுக்குள் துரு ஏறியிருந்தது. "அக்கா, இது பழைய கீறல். இந்த மனுசன் நம்ம தலையில கட்டப் பாக்கிறான்" என்றார்.

"பழசோ புதுசோ, எங்கட கேட்டுக்குள்ள கண்டுபிடிச்சால் எங்கட கீறல்தான்" என்றார் அக்கா. அந்தக் காரைப் பெயின்ற் அடிக்கிற இடத்துக்கு அவரே கூட்டிக்கொண்டு போனார்.

"அப்ப நாளைக்கு ஒருத்தன் லொறியில அடிபட்ட வண்டியைக் கொண்டாந்து விட்டா?"

"விடட்டும். அவனுக்கும் ஒரு தேத்தண்ணி குடுத்துக் கதைப்பம்."

"நீங்க கடை நடத்தல அக்கா, கோயில் நடத்துறீங்க."

"கோயிலெண்டால் நீர் எனக்கு முன்னால பீடி குடிக்கமாட்டீர்" என்றார் அக்கா. அந்தோணி அண்ணன் பீடியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

அந்த நாட்களில் நகரத்தில் எங்காவது குண்டு வெடிக்கும். வெடித்த மறுநாள் எங்கள் ஒழுங்கை வெறுமையாகிவிடும். வருகிற ஒன்றிரண்டு பேரும் வண்டியை விட்டு இறங்கமாட்டார்கள். இறங்கினாலும் பின்பக்கத்து டிக்கியில் கையை ஊன்றிக்கொண்டு நிற்பார்கள். வழக்கமாக வருகிற ஒரு அம்மா, நான் துடைக்கும்போது என்னோடு சேர்ந்து வண்டியைச் சுற்றி நடந்தார். நான் குனிந்தால் அவரும் குனிந்தார். நல்ல அம்மாதான். முன்பு எனக்குப் பழைய சீலை தந்தவர். பயம் அப்படி.

அப்படி ஒரு மறுநாளில்தான் அந்தோணி அண்ணனைக் கொண்டுபோனார்கள். தமிழன், நாள் முழுக்க யார் யாருடைய வாகனங்களுக்கு அடியிலோ படுத்து எழும்புகிறவன். அவ்வளவு காரணம் போதும். அக்கா குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். பொலிஸ் நிலையத்தின் முன்வாங்கில் உட்கார்ந்தார். போகச் சொன்னார்கள், போகவில்லை. "இவர் செய்யிற வேலைக்கு நான் பொறுப்பு. இவரை வைச்சிருக்கிறதெண்டால் என்னையும் வைச்சிருங்கோ" என்பதையே வருகிற போகிற எல்லோரிடமும் சொன்னாராம். பின்னேரம் இருவரும் ஒரே ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அந்தோணி அண்ணன் அன்று ஒரு பகிடியும் விடவில்லை. குழாயை எடுத்துச் சுருட்டி வைத்தார், விரித்தார், மறுபடி சுருட்டினார்.

அடுத்த வாரம் அக்கா சொன்னார்: "கை படாமல் கழுவுற மெஷின் ஒண்டு இருக்காம். தானா ஓடுமாம். அதைப் போட்டால் ஆரும் வண்டியை விட்டு இறங்கத் தேவையில்லை. ஆரும் அடியில படுக்கவும் தேவையில்லை."

கொள்ளுப்பிட்டியில் அந்த மெஷின்களை எடுத்துக் கொடுக்கிற கம்பனியின் கந்தோர் இருந்தது. துணைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். என் சீலையில் ஈரம் காயவில்லை. அந்தக் குளிர் அறைக்குள் எனக்கு நடுக்கம் எடுத்தது. கழுத்தில் டை கட்டிய தம்பி ஒருவர் தொலைக்காட்சியில் படம் போட்டுக் காட்டினார். இரண்டு வகை இருந்தன. ஒன்றில் ஆள் உயரப் பிரஷ்கள் சுழன்று சுழன்று காரைத் தேய்த்தன. மற்றதில் கார் சும்மா நின்றது. வளைந்த இரும்புக் குழாய் ஒன்று அதைச் சுற்றி வந்து முதலில் நுரையையும் பிறகு தண்ணீரையும் பீச்சியது. காரில் எதுவும் முட்டவில்லை.

அக்கா கூடையிலிருந்து ஒரு போத்தலை எடுத்துக் கண்ணாடி மேசையில் வைத்தார்.

"இது என்ன மேடம்?"

"எங்கட தண்ணி. குடிச்சுப் பாரும் தம்பி."

உபசாரம் என்று நினைத்து அவர் ஒரு மிடறு குடித்துவிட்டார். முகம் போன போக்கைப் பார்த்து நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"கடற்கரைக் கிணறு. உப்பு" என்றார் அக்கா. "உம்மட மெஷின் இதைக் குடிக்குமோ?"

"குடிக்காது மேடம்" என்றார் தம்பி, வாயைத் துடைத்துக்கொண்டு. "கடைசியாக அலசுற தண்ணியாவது நல்லதாக இருக்கணும். இல்லாட்டி காய்ந்த பிறகு வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழும். வடிகட்டுற தண்ணித் தாங்கி ஒன்று தனியாகப் போடலாம்."

"கரண்ட் போனால்? வண்டிக்காரர் உள்ளுக்க நுரையோட இருக்கிறதோ?"

"ஜெனரேட்டர் வேணும்."

"தண்ணி பீச்சுற இந்தச் சின்ன மூக்கு அடைச்சால்? சாமான் வெளிநாட்டிலயிருந்து வரவேணும். எயார்போட்டைப் பூட்டி வைச்சிருந்தால் என்ன செய்யிறது?"

"மூக்குகளை முதலே மேலதிகமாக எடுத்து வைக்கலாம் மேடம்."

"கூரையில சாமான் கட்டுற வான் வண்டி வந்தால் மேல இடிக்குமோ?"

அவர் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். கடைசியில் அக்கா கேட்டார்: "பிழை வந்தால் ஆர் பொறுப்பு?"

"கம்பனி, மேடம்."

"கம்பனியில ஆர்?"

தம்பி சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. போத்தலை எடுத்து மூடிக் கூடைக்குள் வைத்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் யன்னலோரம் எனக்கு இடம் விட்டார். பஸ் பம்பலப்பிட்டியைத் தாண்டியது. பிறகு மணிக்கூட்டைத் திருகிக்கொண்டே, நான் கேட்காமலே சொன்னார். "இது இவற்ற, என்ர மனுசன்ர. திருத்தக் குடுத்திட்டு ஊருக்குப் போனவர். மணிக்கூடு கடையில இருந்து வந்திட்டுது. அவர் வரேல்லை. எத்தினை கந்தோருக்குப் போனனான் தெரியுமோ? இருக்கச் சொல்லுவினம், தண்ணி தருவினம், எழுதி எடுப்பினம். 'நான் பொறுப்பு' எண்டு ஒருத்தன் சொல்லேல்லை, தங்கச்சி. பிழையாச் சொன்னாலும் பரவாயில்லை, ஒருத்தன் சொல்லியிருக்கலாம்."

கூடையை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன்.

அவர் படத்தைப் பார்த்து மெஷின் வாங்குகிறவர் அல்ல. பொரளைப் பக்கத்தில் இரண்டு வகை மெஷினும் வெவ்வேறு இடங்களில் ஓடுவதாக அறிந்துகொண்டார். தன்னுடைய நீல நிறப் பழைய வானை ஒழுங்கையின் கடல் முனையில், ரயில் பாதையோரம் நிறுத்திவைத்தார். துடைக்கக் கூடாது என்று எனக்குக் கண்டிப்பான உத்தரவு. உப்புக்காற்றும் மண்ணும் படிந்து அது சாம்பல் நிறமானதும், அந்தோணி அண்ணனை ஓட்டச் சொல்லி என்னையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்.

முதலில் வானின் ஒரு பாதியை மட்டும் பிரஷ் மெஷினில் கழுவித் தரக் கேட்டார். பாதி கழுவ அது சம்மதிக்காது என்றார்கள். சரி, முழுவதும் கழுவட்டும் என்றார். பளிச்சென்று வந்தது. எனக்கே ஆசையாக இருந்தது. அக்கா வானை வெயிலில் நிறுத்திச் சாய்ந்து பார்த்தார். நீலத்தின் மேல் மயிர் மாதிரி மெல்லிய கோடுகள், வட்டம் வட்டமாக. மெஷினிடம் போய்ப் பிரஷுக்குள் விரலை விட்டுக் கிளறினார். முன்னால் போன வாகனங்களின் மண் நகத்தில் ஏறிற்று.

மறுபடி வானைக் கடற்கரையில் காயப்போட்டோம். இரண்டாம் முறை கை படாத மெஷினுக்குப் போனோம். கொள்ளுப்பிட்டித் தம்பியும் வந்திருந்தார். நுரை, தண்ணீர், காற்று எல்லாம் முடிந்தது. புதிதாக ஒரு கோடும் இல்லை. தம்பி பெருமையாக நின்றார். அக்கா இடுப்பிலிருந்து வெள்ளை லேஞ்சித் துணியை எடுத்துப் பின்கதவை ஒரு இழுப்பு இழுத்தார். லேஞ்சியில் சாம்பல் நிறமாக ஒட்டியிருந்தது.

"தொடாமல் கழுவினால் கொஞ்சம் அப்படித்தான் மேடம். மெல்லிசாக ஒரு அழுக்குப் படை நிற்கும். கண்ணுக்குத் தெரியாது."

"கைக்குத் தெரியுதே" என்றார் அக்கா.

"அப்ப பிரஷ் மெஷினை எடுக்கிறீங்களா?"

"இல்லை. இதைத்தான் எடுக்கிறன். கீறலுக்கு நான் பொறுப்பு எண்டு சொன்னாலும் கீறல் போகாது. ஊத்தை எண்டால் துடைக்கலாம்."

"மிச்சம் நல்ல முடிவு" என்ற தம்பி, என்னையும் அந்தோணி அண்ணனையும் பார்த்துவிட்டு, "இனி ஆட்களும் தேவைப்படாது மேடம்" என்றார்.

அக்கா லேஞ்சியை மடித்து இடுப்பில் செருகினார். எனக்கு வேறு வேலை தெரியாது. அறை வாடகை, மகளின் படிப்பு எல்லாம் அந்தத் துணியில்தான் தொங்கியது. மெஷினுக்கு அடித்தளம் வெட்டினார்கள், தாங்கி வந்தது, ஜெனரேட்டர் வந்தது. என் விஷயத்தை மட்டும் யாரும் பேசவில்லை. கேட்கலாம் என்று தினமும் பஸ்ஸில் மனதுக்குள் சொல்லிப் பார்ப்பேன். கேட்டுக்குள் வந்ததும் துணியை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடுவேன்.

"பயப்படாத தங்கச்சி" என்று அந்தோணி அண்ணன் சீண்டுவார். "மெஷினுக்கு யார் தேத்தண்ணி ஊத்துறது? உனக்கு அந்த வேலை கெடைக்கும்."

மெஷினைத் தொடங்கிய நாள் நல்ல வெயில். அக்கா தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டினார். அந்தோணி அண்ணன் கொட்டாஞ்சேனை வேதக்கோயிலில் இருந்து போத்தலில் தீர்த்தம் கொண்டுவந்து அவர் பங்குக்குத் தெளித்தார். முதல் வாகனம் அக்காவின் நீல வான்தான். உள்ளே போய் நின்றது. தம்பி பொத்தானை அழுத்தினார். மெஷின் அசையவில்லை. மறுபடி அழுத்தினார். வயர்களைப் பார்த்தார், பெட்டியைத் திறந்தார், டையைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் திணித்தார். வந்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

அந்தோணி அண்ணன்தான் கண்டுபிடித்தார். மெஷினின் இரண்டு தூண்களிலும் சின்ன வட்டக் கண்ணாடி இருந்தது. வாகனம் வந்து நிற்பதை அது அந்தக் கண்ணாடிகளால்தான் அறியும். அந்த இரண்டிலும் தடிப்பாகச் சந்தனம், நடுவில் குங்குமம்.

"பொட்டு நெத்தியிலதான் வைப்பாங்க. இதுக்கு கண்ணுல வெச்சிருக்கு. பாவம், எப்பிடி முழிக்கும்?"

எல்லோரும் சிரித்தார்கள். வைத்தது யார் என்று தம்பி கோபமாகத் திரும்பினார்.

"நான்தான் வைச்சனான்" என்றார் அக்கா. "உருண்டையா மினுங்கிச்சு, நெத்தி எண்டு நினைச்சிட்டன். நான் பொறுப்பு." சீலைத் தலைப்பை நனைத்து இரண்டு கண்ணையும் துடைத்தார். மெஷின் உறுமிக்கொண்டு எழும்பியது.

வான் மறுபக்கத்தால் வெளியே வந்தபோதுதான் பார்த்தேன். அங்கே புதிதாக ஒரு சின்னத் தகரப் பந்தல் போட்டிருந்தது. பந்தலுக்குக் கீழே ஒரு வாங்கு. வாங்கில் மடித்து வைத்த புதுத் துணிகள்.

"என்ன பாக்கிறாய்?" என்றார் அக்கா. "அது உன்ர இடம். வெளிப்பக்கம் மட்டும். வண்டிக்காரர் உள்ளுக்க இருக்க, அவற்ற கண் முன்னால துடை." அந்தோணி அண்ணனுக்குச் சவர்க்காரம் கலக்கிற வேலையும் மோட்டரும். யாரையும் நிறுத்தவில்லை.

வாசலில் மூன்று மொழியிலும் போர்டு மாட்டினார்கள்: கை படாமல் கழுவப்படும். "அக்கா, இந்தப் பக்கம் இப்பிடி எழுதிட்டு அந்தப் பக்கம் கையால துடைக்கிறோமே" என்றார் அந்தோணி அண்ணன். "கழுவுறதுக்குத்தான் கை படேல்லை எண்டு போட்டிருக்கு. துடைக்கிறதைப் பற்றிப் போர்டு ஒண்டும் சொல்லேல்லை" என்றார் அக்கா.

சனம் திரும்ப வரத் தொடங்கியது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பார்கள். நுரை விழும்போது பிள்ளைகள் கத்துவார்கள். என் பந்தலுக்கு வரும்போது நான் கண்ணாடிக்கு வெளியே இருந்து சிரிப்பேன். முன்பு என்னோடு சுற்றி நடந்த அம்மாவும் உள்ளே இருந்து சிரித்தார். கடைசியில் அக்கா வருவார், கூரையில் கை வைப்பார். அதை அவர் எந்த மெஷினுக்காகவும் விடவில்லை. இன்று அந்த ஒழுங்கையில் மாடிவீடுகள் அடுக்கடுக்காக நிற்கின்றன. அந்தப் பக்கம் போனால் எனக்கு வீடுகள் தெரியாது, நுரை வாசம்தான் வரும்.

மறுபடியும் நகரத்தில் ஒரு குண்டு வெடித்தது. அதற்கடுத்த நாள் காலையில் ஒரு வெள்ளைக் காரைத் துடைத்து அனுப்பினேன். பகல் சாப்பாட்டுக்கு முன் ஜீப் வந்தது. அந்தக் காரைச் சோதனைச் சாவடியில் மறித்திருக்கிறார்கள். பின்சீட்டுக்கு அடியில், வயர் தெரிகிற ஒரு பொதி இருந்ததாம். காரின் சொந்தக்காரர் பதறிப்போய், எனக்குத் தெரியாது, இப்போதுதான் வெள்ளவத்தையில் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

அதிகாரி இறங்கிப் போர்டை வாசித்தார். "கை படாமல் என்று போட்டிருக்கிறதே. அப்படியென்றால் அந்தக் காரை யாரும் தொடவில்லையா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"யாரும் இல்ல சேர், மெஷின்தான்" என்று அந்தோணி அண்ணன் முந்திக்கொண்டார்.

அதிகாரி என் கையைப் பார்த்தார். கையில் ஈரத் துணி சொட்டிக்கொண்டிருந்தது.

என் அடையாள அட்டையில் வவுனியா என்று இருக்கும். பிறந்தது பதுளைத் தேயிலைத் தோட்டம். கலவரத்தில் அடிபட்டு வவுனியாவில் போய்க் குடியேறிய சனம் நாங்கள். வடக்கில் சண்டை நடந்த அந்த நாட்களில் அந்த ஒரு சொல்லைப் பார்த்தால் போதும், ஜீப்பில் ஏற்றிவிடுவார்கள். மகள் பள்ளிக்கூடம் விட்டுப் பூட்டிய அறைக்கு முன்னால் நிற்பாள். இருந்தாலும் துடைத்தது நான்தானே. ஒரு அடி முன்னே வைத்து வாயைத் திறந்தேன்.

அக்காவின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. துணியை என் கையிலிருந்து எடுத்தது.

"மெஷின் தொடேல்லை. நான் தொட்டனான்" என்றார். பிறகு சிங்களத்தில், வாகனம் ஒப்படைக்கும்போது சொல்கிற அதே குரலில்: "மம வககியன்னம்."

உண்மையும் அதுதான். கூரையில் கை வைத்தவர் அவர்.

துணியை வாங்கில் போட்டுவிட்டுக் குடையை எடுத்தார். ஜீப்பில் ஏறும்போது என்னிடம், "மூண்டு மணிக்கு மூக்குகளைக் கழட்டி அலச அந்தோணிக்குச் சொல்லு, மறந்துபோவார்" என்றார். யாரும் பொறுப்பில்லை என்றால் எல்லோரையும் ஏற்றுவார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அது அப்போது விளங்கவில்லை.

அன்று முழுவதும் மெஷினை ஓட்டவில்லை. மறுநாளும் ஓட்டவில்லை. அந்தோணி அண்ணன் பொலிஸ் நிலையத்துக்குப் போனார், உள்ளே விடவில்லை. நான் பந்தலில் உட்கார்ந்து காய்ந்த துணிகளை மறுபடி நனைத்தேன். பொதிக்குள் இருந்தது பழைய ரேடியோ. திருத்தக் கொடுக்கச் சொல்லி மச்சான் சீட்டுக்கு அடியில் வைத்ததை அந்தக் கார்க்காரர் மறந்திருக்கிறார். அதைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு அவ்வளவு நேரம் பிடித்தது.

இரண்டாம் நாள் பின்னேரம் அக்கா குடையோடு ஒழுங்கையில் நடந்து வந்தார். சீலை கசங்கியிருந்தது, முகம் கறுத்திருந்தது. என் பந்தலுக்கு வந்து வாங்கில் உட்கார்ந்தார். நான் தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டினேன்.

அக்கா ஒரு வாய் குடித்தார்.

"அந்தக் காரை எனக்கு நேரே முற்றத்தில விட்டிருந்தவங்கள்" என்றார். "இரவும் பகலும் அதைத்தான் பாத்துக்கொண்டு இருந்தனான். பின் கண்ணாடியில, வலப்பக்கத்து மூலை. துடைக்காமல் விட்டிருக்கிறாய்."

"அக்கா…"

"வெயில் படேக்க பளிச்செண்டு தெரியுது, ஒரு கை அகலத்துக்கு."

"அப்புறம் என்னங்கக்கா செஞ்சீங்க?"

"என்ன செய்யிறது? என்னை வெளியில விடேக்க அந்தப் பொலிஸ்காரனைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிப்போட்டு, லேஞ்சியால நானே துடைச்சிட்டு வந்தனான்."